பந்தாட்டத்துக்குப் பெண் பார்த்த படலம்

உலக விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் எல்லாரும் கிரேக்க தேசத்தில்தான் தொடங்குகிறார்கள். அது பெரிய பிழை. பெண்கள் விளையாட்டின் வரலாறு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், ஓய்வுபெற்ற சப் ஜட்ஜ் அழகியமணவாள ஐயங்கார் அவர்களின் வீட்டுக் கூடத்தில், 1961-ஆம் வருஷத்து விஜயதசமியன்று, ராகு காலமும் எமகண்டமும் கழிந்த பிறகு தொடங்குகிறது. அன்றைக்குத்தான் 'திருச்சி–ஸ்ரீரங்கம் மகளிர் ஹேண்ட்பால் அபிவிருத்திச் சங்கம்' உதயமாயிற்று. நான் அதன் இணைக் காரியதரிசி. காரியதரிசி என்று தனியாக ஒருவர் கிடையாது. 'இணை' என்பது கௌரவத்துக்காகச் சேர்த்தது.

தலைவர் சப் ஜட்ஜ் அவர்கள். உபதலைவர் வீரமலை, உறையூரில் அரிசி மில் வைத்திருப்பவர். எந்தச் சங்கத்திலும் உபதலைவராக உட்கார்ந்துகொண்டு தலைவர் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம். நிர்வாகக் குழு உறுப்பினர் நஜிமுதீன், பெரிய கடை வீதியில் அத்தர் வியாபாரம். நான் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். சங்கம் என்றால் தீர்மானம் உண்டு, தீர்மானம் என்றால் டைப் அடிக்க ஆள் வேண்டும், ஆகையால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஹேண்ட்பால் என்றால் என்னவென்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வழக்கைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு நீதிபதி உட்கார்ந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று தலைவர் விளக்கினார். அந்த அளவுகோலின்படி எங்களைவிடப் பாரபட்சமற்ற சங்கம் உலகத்தில் இருந்திருக்க முடியாது.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் வேலம்மாள். டவுனில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் டிரில் டீச்சர். வெடுக்கென்று பேசுகிறவர். சென்னையில் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சாயங்காலந்தோறும் ஆடவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையால் தட்டி, பிடித்து, எறிந்து எதிரணியின் கோலுக்குள் போட வேண்டும். மறு வருஷம் ஜூலை மாதம் ருமேனியா தேசத்தில் இதற்கு உலகப் பெண்கள் போட்டி நடக்கப் போகிறது. அதற்கு முன்னால், சித்திரை மாதத்தில், மாகாண சம்மேளனம் சென்னையில் ஒரு தேர்வு ஆட்டம் வைக்கிறது. அதில் தேறுகிற பெண்களை, டில்லியில் மனசு வைத்தால், ருமேனியாவுக்கு அனுப்பலாம். ஆனால் ஜில்லாச் சங்கம் ஒன்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பெண்களைத்தான் சம்மேளனம் சேர்த்துக்கொள்ளும். டீச்சருக்கு வேண்டியிருந்தது ஒரு சங்கமும் ஒரு கையெழுத்தும்தான். அந்தச் சிறிய தேவைக்கு நாங்கள் நால்வரும் எங்களையே அர்ப்பணித்துக்கொண்டோம்.

காலால் உதைக்காத பந்தாட்டம் என்று கேட்டதும் தலைவர் மிகவும் சந்தோஷப்பட்டார். அது சாத்விகமான ஆட்டம் என்றார். ருமேனியாவில் பெண்கள் அரை டிராயர் போட்டுக்கொண்டு ஆடுவார்கள் என்று டீச்சர் சொன்னபோது தலைவர் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு உடை விஷயம் ஒரு துணைக் கமிட்டிக்கு ஒப்படைக்கப்பட்டது. அந்தத் துணைக் கமிட்டி இன்னும் கூடவில்லை.

அடுத்தது அணித் தேர்வு. "சனிக்கிழமை ஸ்கூல் கிரவுண்டுக்கு வந்து ஆட்டத்தைப் பாருங்க சார். நல்லா ஆடற ஏழு பேரை எடுத்துக்கலாம்" என்றார் டீச்சர். எவ்வளவு விபரீதமான யோசனை என்று அவருக்கே தெரியவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் நாங்கள். வயசு வந்த பெண்கள் ஓடுவதையும் குதிப்பதையும் மைதானத்தில் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? வீரமலை வெட்கத்தில் சுவரைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

தலைவர்தான் தீர்ப்புச் சொன்னார். நம் தேசத்தில் பெண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு என்று ஆயிரம் வருஷமாக ஒரு முறை இருக்கிறது. பெரியவர்கள் நாலு பேர் நல்ல நாள் பார்த்துப் பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள். பெற்றவர்கள் முன்னிலையில் பார்ப்பார்கள். ஜாதகம் வாங்கிக்கொண்டு வருவார்கள். வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற மருமகளையே அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். கேவலம் ஒரு மணி நேரத்து ஆட்டத்துக்கு அது போதாதா? டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மார்கழியில் பெண் பார்ப்பது வழக்கமில்லை. ஆகையால் சர்வதேசத் தேர்வு தை மாதம் வரை தள்ளிவைக்கப்பட்டது.

தை பிறந்ததும் புறப்பட்டோம். பொங்கல் லீவு, பெண்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். தலைவர் புது அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டார். நாங்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு போனோம். அந்தப் பெண்களின் அறிவும் ஆற்றலும் எங்களைப் பிரமிக்க வைத்தன என்று சொல்ல வேண்டும். திருவெள்ளறையில் வள்ளிக்கண்ணு என்ற பெண் கொண்டுவந்து வைத்த கேசரியில் முந்திரி அவ்வளவு. உறையூரில் ஒரு பெண்ணைப் பாடச் சொன்னோம், பாடினாள், அவளை முன்வரிசைக்கு எடுத்துக்கொண்டோம். இன்னொரு பெண்ணை நடந்து காட்டச் சொன்னதில் கால் சற்றுச் சாய்வாக விழுவதாக வீரமலை கண்டுபிடித்தார். நஜிமுதீன் எங்களோடு ஊரெல்லாம் உறுப்பினராக வந்தார். அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும், எங்களை அங்கேயே நிறுத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய், பெண்ணின் தகப்பனாராகத் திரும்பி வந்து, "வாங்க வாங்க" என்று வரவேற்று நன்னாரி சர்பத் கொடுத்தார். அவர் மகள் வஹீதா கோல் காப்பவள். எங்கும் கிளம்பும்போது தலைவர் முறைப்படி, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று சொல்லத் தவறவில்லை.

கடைசியாக வையம்பட்டி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூடி, பஸ் ஏறி, மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொண்டு போனோம். பெரியண்ணன் என்பவர் வீடு. மானாவாரியில் சோளமும் கடலையும் போடுகிறவர். மகள் செல்லக்கிளி, டவுனில் ஹாஸ்டலில் தங்கிப் பதினோராவது படிக்கிறாள். எங்களுக்கு வேகவைத்த கடலையும் பணியாரமும் காப்பியும் வந்தன. பெரியண்ணன் நின்றுகொண்டே பேசினார். மகளுக்கு அத்தை மகன் மருதை இருக்கிறான். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. ஆனால் பெண் மெட்ராஸுக்குப் போய் ஆடணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "சங்கத்துல எடுத்துட்டீங்கன்னா கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேங்க. இல்லேன்னா வைகாசியிலயே முடிச்சிருவேன். வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். செல்லக்கிளி நிலைப்படிக்குப் பின்னால் நின்றிருந்தாள். தலைவர் அவள் உள்ளங்கையைக் காட்டச் சொல்லி ரேகை பார்த்தார். கை முரடாக இருந்தது.

அப்போது எங்களோடு வந்திருந்த டீச்சர் ஒரு முறைகேடு செய்தார். தன் பையிலிருந்து பந்தை எடுத்து அவளிடம் தூக்கிப் போட்டு, "எறிஞ்சு காட்டு" என்றார். செல்லக்கிளி தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் மூன்றடி ஓடி எம்பி எறிந்தாள். எட்டத்தில், கிணற்று மேட்டில் கவிழ்த்து வைத்திருந்த மண்குடம் சில்லுச் சில்லாகப் போயிற்று. வீரமலையின் காப்பி அவர் வேட்டியில் கொட்டியது. நான் இதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ எறிவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சங்கத்தின் குறிப்பில், 'பெண் சற்றே வேகம்' என்று பதிவு செய்தேன்.

ஜாதகம் கேட்டோம். இல்லை என்றார்கள். உறவு முறையில் கொடுப்பதால் எழுதவில்லையாம். பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிறந்த நேரம்? செல்லக்கிளியின் தாயார் காளியாயி அடுப்படியிலிருந்தே சொன்னார்: "மதுரைக்குப் போற ரயிலு எங்க காட்டுப் பக்கம் ஊதிக்கிட்டுப் போச்சு. அப்பத்தான் இவ அழுத சத்தம் கேட்டுச்சு."

எங்கள் தலைவரின் விடாமுயற்சியை இங்கே நான் பாராட்டியாக வேண்டும். வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவர் பொன்மலையில் ரிட்டயரான ஒரு ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் பிடித்து, அந்தப் பெண் பிறந்த வருஷத்து ரயில்வே டைம்டேபிளை இரவல் வாங்கி, மதுரை வண்டி வையம்பட்டியைத் தாண்டும் நேரத்தைக் கண்டுபிடித்து, தம் கையாலேயே ஜாதகம் கணித்தார். அதுவரை நட்சத்திரமே தெரியாமல் வளர்ந்த ஒரு ஏழைப் பெண்ணுக்கு எங்கள் சங்கம் இலவசமாக ஒரு நட்சத்திரம் வழங்கியது.

மூலம்.

தேர்வுக் கூட்டம் தை மாதக் கடைசியில் நடந்தது. எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றுகூடப் போகின்றன, உலகம் அழியப் போகிறது என்று தேசமே நடுங்கிக்கொண்டிருந்த வாரம் அது. ஊரெல்லாம் ஹோமப் புகை. அந்தப் புகைக்கு நடுவிலும் நாங்கள் கடமையைக் கைவிடவில்லை. உலகம் அழிந்தால் போட்டி நடக்காது. அழியாவிட்டால் அணி தயாராக இருக்க வேண்டும் என்று தலைவர் நிலைமையைத் தெளிவாக்கினார்.

ஜாதகங்களைப் பரப்பி வைத்தோம். பந்து ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் போக வேண்டிய ஆட்டமாதலால் ஏழு பேருக்கும் ஒருவருக்கொருவர் பொருத்தம் பார்க்கப்பட்டது. வஹீதாவுக்கு ஜாதகமே கிடையாது. ஜாதகம் இல்லாதவருக்குத் தோஷமும் இல்லை என்ற அடிப்படையில் அவளுக்கு எல்லாப் பொருத்தமும் இருப்பதாக முடிவாகி, கேப்டன் பதவியும் கொடுக்கப்பட்டது. திருவெள்ளறை வள்ளிக்கண்ணுவுக்கு ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அணிக்கு மாமியார் ஸ்தானத்தில் இருப்பவர் யார் என்று தலைவர் யோசித்து, டிரில் டீச்சர்தான் என்று கண்டார். டீச்சர் அலுத்துப்போயிருந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாது சார். ஆனாலும் நான் பாத்துக்கறேன். சேத்துக்குங்க" என்றார். அவருடைய தியாகம் ஒரு வரியில் பதிவு செய்யப்பட்டு, விவாதமின்றி ஏற்கப்பட்டது.

பிறகு செல்லக்கிளியின் கட்டம் வந்தது. மூலத்தில் பிறந்தவர்கள் ராட்சச கணம். ஐரோப்பியப் பெண்களை எதிர்க்க அணியில் ஒரு ராட்சச கணமாவது இருப்பது நல்லதுதானே என்று வீரமலைகூடச் சிபாரிசு செய்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூலம் மாமனாருக்கு ஆகாது. இந்தப் பெண் பிறந்த வீட்டை விட்டு டீமுக்குள்ள வரா. டீம் அவளுக்குப் புகுந்த வீடு. புகுந்த வீட்டுக்குத் தலைவர் யாரு? மாமனார். டீமுக்குத் தலைவர் யாரு?"

வீரமலை தலைவர் நாற்காலியைப் பார்த்தார்.

"அடியேன்" என்றார் தலைவர்.

என் விரல் டைப்ரைட்டர் மேல் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கண் முன்னே ஒரு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. டீச்சர் மட்டும் மனிதாபிமானமே இல்லாமல், அந்தப் பெண் இல்லாவிட்டால் அந்த அணியை மெட்ராஸுக்கு அனுப்புவதே வீண் என்றார். பெரும்பான்மையின் முடிவுப்படி செல்லக்கிளி நீக்கப்பட்டாள்.

எங்கள் சங்கத்தில் ஒளிவு மறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாருக்கும் முடிவையும் காரணத்தையும் போஸ்ட் கார்டில் எழுதித் தெரிவித்தோம். தேர்ந்தவர்களுக்கு: 'பெண் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஜாதகம் திருப்தி. தோஷம் ஏதுமில்லை.' செல்லக்கிளிக்கு: 'பெண் மூல நட்சத்திரம். தலைவர் ஸ்தானத்தில் இருப்பவருக்கு ஆபத்து. வருந்துகிறோம்.' வையம்பட்டியில் தபால்காரர் கார்டை டீக்கடை வாசலில் நின்று உரக்கப் படித்தாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மருதையின் தகப்பனார் காத்தானும் ஒருவர். அதாவது செல்லக்கிளிக்கு உண்மையாகவே மாமனாராக வரவிருந்தவர். அவர் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து போனார் என்றும், அன்று சாயங்காலமே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் என்றும் பிறகு தெரிந்தது.

பெரியண்ணன் மறுநாளே ஸ்ரீரங்கம் வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "இவ பொறந்தது சண்டைக் காலங்க. பட்டாளத்து வண்டிக்கு வழி விட்டு விட்டு எந்த ரயிலும் நேரத்துக்கு வந்ததில்ல. அன்னைக்கும் லேட்டுதான், எனக்கு நல்லா நெனப்பிருக்கு. நீங்க அந்தப் புஸ்தகத்துல இருக்கற நேரத்தை வெச்சு எழுதிட்டீங்க" என்றார். தலைவருக்கும் அது தெரிந்தே இருந்தது. வண்டி சற்றுத் தாமதித்திருந்தால் மூலம் முடிந்து பூராடம் பிறந்திருக்கும். பூராடத்தால் எந்த மாமனாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் நீதிமான் சொந்த லாபம் பார்க்கலாமா?

"டைம்டேபிள் சர்க்கார் அச்சடிச்சது. வண்டி அந்த நேரத்துக்கு வந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும். நீர் வாயால சொல்றதை வெச்சு சர்க்கார் ரயிலை லேட்டுன்னு நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது?" என்றார் தலைவர்.

பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்திய ரயில்வேயின் மானத்தைக் காப்பாற்றிய ஒரே விளையாட்டுச் சங்கம் எங்களுடையதுதான்.

உலகம் அழியவில்லை. மாசி பிறந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் வீடுகளில் நாங்கள் எதிர்பாராத ஒரு கோலாகலம் தொடங்கியது. ரிட்டயர்டு சப் ஜட்ஜ் ஒருவரே நேரில் வந்து பார்த்து, ஜாதகம் அலசி, 'பெண் பிடித்திருக்கிறது, தோஷமில்லை' என்று கைப்பட எழுதிக் கொடுத்த பெண் எங்கே கிடைப்பாள்? பெற்றவர்கள் எங்கள் போஸ்ட் கார்டை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டினார்கள். முன்வரிசைப் பாடகி மாசியிலேயே லால்குடிக்குப் போனாள். ஆயில்யத்து வள்ளிக்கண்ணுவுக்குக்கூட, மாமியார் இல்லாத வீடாகப் பார்த்துப் பங்குனியில் முடிந்தது. பங்குனிக் கடைசிக்குள் வஹீதா ஒருத்தியைத் தவிர அணி முழுவதும் கல்யாணமாகிப் போய்விட்டது. அத்தனை கல்யாணத்திலும் எங்களுக்கு முன்வரிசை நாற்காலி. எங்கள் அணியில் ஒருத்திகூட வெளியூர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பி வரவில்லை என்று வீரமலை ஒரு பந்தியில் வேடிக்கையாகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

சித்திரை பிறந்ததும், ஒரு காலையில் வேலம்மாள் டீச்சர் செல்லக்கிளியை அழைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அணி கலைந்துபோன செய்தியைச் சொல்லி டீச்சர் சம்மேளனத்தாரைக் கேட்டிருக்கிறார். முழு அணி இல்லாவிட்டால் பரவாயில்லை, தனித்தனியாக வரும் பெண்களைச் சேர்த்து ஓர் அணியாக்கி ஆடவிடுகிறோம், சங்கத் தலைவர் கையெழுத்து மட்டும் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வஹீதாவுக்கும் செல்லக்கிளிக்கும் இரண்டு கையெழுத்து. வஹீதாவுக்குத் தலைவர் உடனே போட்டுவிட்டார். அடுத்ததைப் போடாமல் பேனாவை மூடினார்.

செல்லக்கிளி முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, என் நட்சத்திரம் யாருக்கு ஆகாதுங்க?"

"மாமனாருக்கு. நான் சொல்லலை, சாஸ்திரம் சொல்றது."

"எனக்கு மாமனாரா வர இருந்தவரு உங்க கார்டு வந்ததும் வேணாம்னுட்டாரு. இனிமே எங்க சுத்துவட்டாரத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க. வராத மாமனாருக்கு என்னால என்னங்க ஆயிரும்?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல வாதத்தைக் கேட்டால் மெச்சுகிற பெருந்தன்மை அவருக்கு உண்டு. "பேஷ். ஆனா டீமுக்கு அந்த ஸ்தானத்துல நான் இருக்கேனே, அம்மா" என்றார்.

"வள்ளிக்கண்ணுவுக்கு டீச்சர் ஒத்துக்கிட்டாங்க. அது மாதிரி நீங்களும் ஒத்துக்கக் கூடாதுங்களா?"

டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"சரிங்க. அப்ப ஒரு வாரத்துக்குத் தலைவரா இல்லாம இருங்க. நான் மெட்ராஸ் போய் ஆடிட்டு வந்துடறேன். அப்புறம் நீங்களே உக்காந்துக்குங்க. எங்கப்பா ஆட்டமும் இல்ல, கல்யாணமும் இல்ல, படிப்பு மட்டும் எதுக்குங்கறாரு. இதுவும் போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்லீங்க."

சங்கத்தின் அவசரக் கூட்டம் அன்று பிற்பகலே கூடியது. உலகப் போட்டியின் தலைவிதி ஒரு நாற்காலியில் வந்து நின்றது. ஒரு வாரத்துக்குத் தலைவர் பதவியை ஏற்றுக்கொள்ளும்படி உபதலைவரைக் கேட்டோம். தலைவர் நாற்காலி ஒன்றுக்காக எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வீரமலையிடம் திடீரென்று ஒரு அடக்கம் தோன்றியது. தனக்கு இன்னும் தகுதி வரவில்லை என்றார். இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டியிருக்கிறது என்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். என்னைக் கேட்பார்களோ என்று நான் காகிதத்தைச் சரிசெய்துகொண்டேயிருந்தேன்.

நஜிமுதீன்தான் எழுந்தார். "நான் உக்காந்துக்கறேன். எங்களுக்கு மூலமும் இல்ல, கேட்டையும் இல்ல. அல்லாஹ் விட்ட வழி. பாவம், அந்தப் பொண்ணு போய் ஆடட்டும்" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒரு நெருக்கடி தீர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தீரவில்லை. உபதலைவர் என்று ஒருவர் இருக்கும்போது சாதாரண உறுப்பினர் தலைவராவது சங்க விதிக்கு முரண் என்று ஆட்சேபணை வந்தது. ஆட்சேபித்தவர் வீரமலை. அப்படியானால் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் நஜிமுதீன். முடியாது என்றார் வீரமலை. ராஜினாமாவாவது செய்யுங்கள் என்றார். அதுவும் முடியாது என்றார். விதி இருக்கிறதா என்று பார்த்ததில் அப்படி ஒரு விதி இல்லை. உடனே அதை ஏற்படுத்தி நிறைவேற்றினோம். கடைசியில், 'பெண்கள் விளையாட்டின் அபிவிருத்திக்குத் தலைவர் அவர்களின் ஆயுள் இன்றியமையாதது' என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. நஜிமுதீன் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வெளியேறினார். அவர் விட்டுப்போன அத்தர் வாசனை கொஞ்ச நேரம் கூடத்தில் இருந்தது.

வஹீதாவும் சென்னைக்குப் போகவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவளே கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அவ பந்தைத் தடுத்துத்தான் நான் கோல் காக்கவே கத்துக்கிட்டேன். அவளை விட்டுட்டு நான் மட்டும் போய் அங்க யார் பந்தைத் தடுக்கறது?" என்றாள். இளம் வயசில் கிடைத்த ஒரு பொன்னான வாய்ப்பை உணர்ச்சிவசப்பட்டு வீணாக்குவதற்கு இது ஓர் உதாரணம். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்ட என்னால் அன்று சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஜூலையில் ருமேனியாவில் போட்டி நடந்தது. நடத்திய தேசமே ஜெயித்ததாகப் பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தது. சங்கத்தின் சார்பில் அவர்களுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினோம். பதில் வரவில்லை.

போன மாதம், இந்த 1968-ஆம் வருஷத்தில், எங்கள் தலைவர் அவர்களுக்குச் சதாபிஷேகம் நடந்தது. எண்பது வயசு. கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படிக்கிறார். அம்மா மண்டபத்துக்குத் தாமாகவே நடந்துபோய்க் காவேரி ஸ்நானம் செய்துவிட்டு வருகிறார். வாழ்த்துரை வாசித்தவன் நான். உலக நாடுகளெல்லாம் கோப்பைக்காகப் பெண்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஒரு முதியவரின் உயிரே பெரிதென்று கோப்பையைத் துறந்த சங்கம் எங்களுடையது என்று வாசித்தேன். வீரமலை முதலில் கை தட்டினார். வேலம்மாள் டீச்சரும் வந்திருந்தார். சாப்பிடாமல் கிளம்பியவர் வாசலில் என்னை நிறுத்தி, "ஐயா கல்லு மாதிரி இருக்காருல்ல? வையம்பட்டிக்கு ஒரு கார்டு போட்டுச் சொல்லுங்க சார். அவளுக்கும் தெரியட்டும், எதுக்காகன்னு" என்றார்.

கார்டு போடவில்லை. போட்டால் அங்கே டீக்கடையில் படிப்பார்கள். அந்தச் சித்திரையிலேயே பெரியண்ணன் மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரார் கடலைக் காட்டில் களை வெட்டப் போகிறாளாம். கல்யாண வயசில் மகன் இருக்கிற ஆண்கள் அவள் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிப் போய்விடுகிறார்களாம். எங்கள் சாஸ்திரத்துக்கு இன்னும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அந்த சாஸ்திரத்தை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். எண்பது வயசில் எங்கள் தலைவர் நடமாடுவதே அதன் உண்மைக்குச் சாட்சி. ஆனாலும் பொறுமையாகப் பார்த்தால் அதில் ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. ஒரு பெண்ணால் மாமனாருக்கு என்ன தீங்கு வரும் என்று கண்டுபிடிக்க முன்னோர்கள் பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மாமனார்களால் பெண்ணுக்கு வரும் தீங்கைப் பார்க்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.